தைராய்டு கண் நோய்: இரத்தத்தில் ஐஎல்-6 நார்மல், கண் மட்டும் ஏன் வீங்குகிறது?

நிலாமதி

எல்லோருக்கும் வணக்கம். தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கு கார்பிமசோல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தைராய்டு ஹார்மோன் டி4 இறங்கி வரம்புக்குள் வந்துவிட்டது, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்சும் மெல்ல ஏறிவிட்டது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் போயே போச்சு. கண் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு இமையும் உப்பியிருக்கின்றன. மேல் இமை ஏறிப்போய் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் உள்ளே இழுத்துப் பிடித்து வலிக்கிறது.

இதெல்லாம் அழற்சிப் புரதங்களின் வேலை என்று எங்கோ படித்துவிட்டு, நானாகவே ஒரு லேபில் அவற்றை அளக்கும் சைட்டோகைன் பேனலுக்கு இரத்தம் கொடுத்தேன். ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற இரண்டு அழற்சிப் புரதங்கள், கூடவே அழற்சியின் அடையாளமான சிஆர்பி. மூன்றும் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்த உறவினர் ஒருவர், "அழற்சியே இல்லையே, தைராய்டு சரியானால் கண்ணும் தானாக உள்ளே போய்விடும்" என்கிறார்.

இரத்தத்தில் இல்லாத அழற்சி கண்ணில் இருக்க முடியுமா? யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

சோதனைக்குழாய்

தாராளமாக இருக்க முடியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. நோயெதிர்ப்பு ஆய்வகம் ஒன்றில் செல் வளர்ப்பதுதான் வேலை.

கண்ணும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் இருக்கும் எலும்புக்குழியின் மொத்தக் கொள்ளளவு 30 மில்லிலிட்டர் அளவுதான். சைட்டோகைன்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களுக்குள் சேதி சொல்லும் புரதங்கள். ஒரு செல் சுரக்கும், பக்கத்துச் செல்லின் ஏற்பி பிடித்துக்கொள்ளும், அங்கேயே கதை முடிந்துவிடும். மிச்சம் மீதி கசிந்து வெளியே வந்தாலும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்து காணாமல் போய்விடும்.

சிஆர்பி இன்னும் தள்ளி நிற்கிறது. அதைச் செய்வது கல்லீரல். போதுமான ஐஎல்-6 கல்லீரலை எட்டினால்தான் அது ஏறும். உங்கள் சிஆர்பி நார்மல் என்பதற்கு, கல்லீரல் வரை சேதி போகவில்லை என்று மட்டும்தான் பொருள். கண்குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

நோயாளிகள் குழுவையும் நலமானவர்கள் குழுவையும் பக்கத்தில் வைத்து, இரத்தத்தில் ஐஎல்-6 சராசரி கூடுதலாக இருப்பதாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் இரு குழுவின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. தனி ஒருவரின் எண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஒரு சாதாரண சளிக்காய்ச்சல் வந்தாலே ஐஎல்-6 ஏறிவிடும்.

இரத்தத்தில் ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிஎஸ்எச் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பாருங்கள். ட்ராப் என்று எழுதியிருப்பார்கள். கண் நோயின் தீவிரத்தோடு ஓரளவு ஒட்டிப்போவது அதுதான்.

எதிர்க்கேள்வி

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். இரத்தத்தில் தெரியாது என்கிறீர்கள். அப்படியானால் கண்குழிக்குள் இந்தப் புரதங்கள் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குப் பின்னால் ஊசி விட்டு எடுத்துப் பார்க்கிறார்களா?

சோதனைக்குழாய்

சரியான கேள்வி. மூன்று வழியில் தெரியும்.

ஒன்று, குழியை அகலப்படுத்தும் டிகம்ப்ரெஷன் அறுவையில் எடுத்த கொழுப்பும் திசுவும். அதில் ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, ஐஎல்-8, டிஎன்எஃப், இன்டர்ஃபெரான்-காமா எல்லாவற்றின் ஆர்என்ஏவையும் புரதத்தையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு, கண்ணீர். இமை ஓரத்தில் கண்ணீரை உறிஞ்சும் ஷிர்மர் தாளைச் செருகி, ஊறிய நீரைப் பிழிந்து அளப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களின் கண்ணீரில் ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, ஐஎல்-8 கூடியிருப்பதைப் பல குழுக்கள் கண்டிருக்கின்றன. கண் காய்ந்துபோனாலும் கண்ணீரில் இவை ஏறும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. மூன்றாவது வழி, அறுவையில் கிடைத்த திசுவிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களை எடுத்துத் தட்டில் வளர்ப்பது. என் பிழைப்பு அது.

எதிர்க்கேள்வி

அறுவை செய்வதே நோய் அடங்கிய பிறகுதானே? எல்லாம் முடிந்த பிறகு எடுத்த திசுவை வைத்து, ஆரம்பத்தில் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

சோதனைக்குழாய்

இந்தத் துறையின் பலவீனமே அங்கேதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பார்வை நரம்பு நசுங்கும்போது மட்டும் நோய் உச்சத்தில் இருக்கையிலேயே அறுவை நடக்கும். அந்தத் திசு அபூர்வம். அப்படிக் கிடைத்ததையும் தாமதமாகக் கிடைத்ததையும் ஒப்பிட்டுத்தான் ஒரு சித்திரம் கட்டியிருக்கிறார்கள்: தொடக்கத்தில் இன்டர்ஃபெரான்-காமா, டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா, அவற்றால் தூண்டப்பட்டு டி செல் என்ற வெள்ளையணுக்களை உள்ளே இழுக்கும் சிஎக்ஸ்சிஎல்10. பிற்பாடு ஐஎல்-4, நார் பின்னவைக்கும் டிஜிஎஃப்-பீட்டா பக்கம் சாய்கிறது. ஐஎல்-17 இரண்டு கட்டத்திலும் தலைகாட்டுகிறது. கோடு கிழித்தாற்போல் பிரிந்திருக்காது, ஒரே கண்ணில் இரண்டும் கலந்தும் இருக்கும்.

நிலாமதி, கதையின் நாயகன் யார் என்று தெரிந்தால் உங்களுக்கு மற்றதெல்லாம் விளங்கும். நாயகன் வெள்ளையணு இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட். கொழுப்புக்கு நடுவிலும் தசை இழைகளுக்கு இடையிலும் சும்மா கிடக்கும் செல். அதன் மேல் டிஎஸ்எச் ஏற்பி இருக்கிறது, கூடவே ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கிரேவ்ஸ் ஆன்டிபாடி தைராய்டைக் கிளறுவது போலவே இதையும் கிளறுகிறது. அப்புறம் டி செல் வந்து தன் சிடி40 லிகாண்டை ஃபைப்ரோபிளாஸ்டின் சிடி40-இல் பொருத்துகிறது. அவ்வளவுதான், ஃபைப்ரோபிளாஸ்ட் தானே ஐஎல்-6, ஐஎல்-8 எல்லாவற்றையும் சுரக்க ஆரம்பித்துவிடும். ஐஎல்-8-ம் அதன் கூட்டாளிகளும் இன்னும் வெள்ளையணுக்களைக் கூப்பிடும். ஐஎல்-6 இரண்டு வேலை பார்க்கும்: பி செல்களை ஆன்டிபாடி செய்யும் செல்களாக மாற்றும், ஃபைப்ரோபிளாஸ்டின் மேல் டிஎஸ்எச் ஏற்பியையும் கூட்டும். ஏற்பி கூடினால் ஆன்டிபாடிக்குப் பிடி இன்னும் கூடுகிறது. சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள்.

தட்டில் இதை நேரிலேயே பார்க்கலாம். தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு தட்டில், கண்குழியிலிருந்து எடுத்தது பக்கத்துத் தட்டில். இரண்டிலும் ஒரே அளவு ஐஎல்-1 பீட்டா. தோல் செல் கொஞ்சம் முனகிவிட்டு அடங்கிவிடும். கண்குழி செல்லில் காக்ஸ்-2 என்ற நொதி எகிறும், அழற்சியைக் கூட்டும் ப்ராஸ்டகிளாண்டின் கொட்டும், வளர்ப்பு நீரில் ஹயலூரோனிக் அமிலம் ஏறி, பிப்பெட்டில் உறிஞ்சும்போதே நுனியிலிருந்து நூலாக நீளும். தண்ணீரை இழுத்துப் பிடிப்பதில் அதற்கு ஈடு இல்லை. உங்கள் கண்ணுக்குப் பின்னால் வீங்கியிருப்பதில் பெரும்பங்கு இந்த அமிலமும் அது பிடித்துவைத்த தண்ணீரும்தான். தசை இழைகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கும், அவற்றுக்கு நடுவே உள்ள இடம்தான் உப்பும்.

மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் மட்டும் கதவும் உள்ள அறையில் சாமான் அடைத்தால் கதவுதான் பிதுங்கும். குழிக்குள் 4 மில்லிலிட்டர் கூடினாலே கண் 6 மில்லிமீட்டர் வரை முன்னுக்கு வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 4 மில்லி என்பது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்துச் சங்கதியை கைநரம்பில் எடுத்த இரத்தம் எப்படிச் சொல்லும்?

எதிர்க்கேள்வி

டிஎஸ்எச் ஏற்பி உடம்பில் வேறு இடத்துக் கொழுப்பிலும் இருக்கிறதே. கண்ணை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டது?

சோதனைக்குழாய்

கண்ணை மட்டும் இல்லை. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் தடித்துப்போகும், அங்கேயும் இதே அமிலம்தான். கண்குழியின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கருவில் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து வந்தவை, பிறவியிலேயே குணம் வேறு. போதாக்குறைக்கு கிரேவ்ஸ்காரர்களின் கண்குழிக்குள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஃபைப்ரோசைட்கள் குடியேறுகின்றன. சிடி34 என்ற அடையாளத்தோடு வரும், டிஎஸ்எச் ஏற்பி அவற்றில் அதிகம். உங்கள் கேள்விக்கு இது பாதி விடை. மீதிப் பாதியைத்தான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

விழிக்கோளம்

கண்குழிப் பிரிவில் வேலை பார்க்கும் கண் மருத்துவர் நான். மேலே சொன்ன அறிவியல் சரி. ஆனால் நிலாமதிக்கு இப்போது வேண்டியது வேறு.

அம்மா, உங்கள் கண்ணில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க ஏழு கேள்வி போதும். சிஏஎஸ், அதாவது நோயின் சுறுசுறுப்பை அளக்கும் மதிப்பெண் என்போம். சும்மா இருக்கும்போதே கண்ணுக்குப் பின்னால் வலி, பார்வையைத் திருப்பும்போது வலி, இமை சிவப்பு, வெண்படலச் சிவப்பு, இமை வீக்கம், மூக்கோரத்துச் சதைமொட்டு வீக்கம், வெண்படலத்தில் நீர் கோத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தேறுகிறது, மற்றதைக் கண்ணாடி முன் நின்று நீங்கள் பார்ப்பதை விட, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் நாங்கள் பார்ப்பது நல்லது. சிஏஎஸ் குறைவாக இருந்தும் கண் பிதுங்கிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. குறிப்பாக 40 வயதுக்குக் கீழே கொழுப்பு பெருகுவதும், வயதானவர்களுக்குத் தசை தடிப்பதும் தூக்கலாக இருக்கும். அதனால் தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்துத் தசைக்குள் நீர்க்கோப்பு இருக்கிறதா என்று பார்ப்போம்.

உங்கள் உறவினர் சொன்னதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தைராய்டு அளவு சரியாவது கண்ணுக்கு நல்லதுதான். ஏறினாலும் கெடுதல், மருந்து கூடிப்போய் இறங்கினாலும் கெடுதல். ஆனால் தைராய்டு சரியாகிவிட்டதே என்று கண் நோய் ஒதுங்கிப் போய்விடாது. அது தன் வழியே போகும். 1945-இல் ரண்டில் என்ற மருத்துவர் வரைந்த வளைகோட்டை இன்றைக்கும் வைத்திருக்கிறோம்: சில மாதம் ஏறும், உச்சத்தில் நிற்கும், பிறகு கொஞ்சம் இறங்கி அப்படியே உறைந்துவிடும். நோய் சுறுசுறுப்பாக இருக்கும் காலம் பெரும்பாலும் 6 முதல் 24 மாதம். அழற்சியை அடக்கும் மருந்து நன்றாக வேலை செய்வது அந்தக் காலத்தில்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நிறம் மங்கினால், முக்கியமாகச் சிவப்பு ஒரு கண்ணுக்குச் சாயம் போனது போலத் தெரிந்தால், அல்லது பார்வை மறைத்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பார்வை நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். இமை முழுக்க மூடாமல் கருவிழி காய்ந்து வலித்தாலும் அப்படித்தான்.

நிலாமதி

டாக்டர், மிக்க நன்றி. ஒவ்வொரு கண்ணையும் மாற்றி மாற்றி மூடி ஒரு சிவப்பு மூடியைப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே சிவப்பு. கண்குழிப் பிரிவு இருக்கும் இடத்தில் நேரம் வாங்கிவிட்டேன். லேப் ரிப்போர்ட்டையும் கொண்டுபோகட்டுமா?

விழிக்கோளம்

தைராய்டு ரிப்போர்ட், ட்ராப், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை கொண்டுபோங்கள். நோய் வருவதற்கு முன் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்று அவசியம். சைட்டோகைன் பேனல் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

இரட்டைப்பார்வை

பேரைப் பார்த்தாலே என் கதை தெரிந்திருக்கும். எனக்கு ஸ்டீராய்டு ட்ரிப் ஏற்றினார்கள். சிவப்பு போயிற்று, வலி போயிற்று, இமை வடிந்தது. ஆனால் ஒன்று இரண்டாகத் தெரிவது மட்டும் போகவே இல்லை. படியிறங்கும்போது எந்தப் படி நிஜம் என்று காலால் துழாவ வேண்டியிருந்தது. அழற்சி அடங்கிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கோ பாதிதான் சரியாகியிருந்தது. கடைசியில் கண்ணாடியில் ப்ரிஸம் ஒட்டி, நிலைமை மாறாமல் நின்றபிறகு தசை அறுவை செய்துகொண்டேன். அழற்சிப் புரதத்தை அடக்கினால் நோய் போய்விடும் என்று இங்கே யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சோதனைக்குழாய்

உங்களுக்கு நடந்ததில் டிஜிஎஃப்-பீட்டாவின் கை இருந்திருக்க வேண்டும். கண்குழி ஃபைப்ரோபிளாஸ்ட்களில் இரண்டு சாதி உண்டு. மேற்பரப்பில் தை-1 என்ற புரதம் உள்ளவை ஒன்று, இல்லாதவை இன்னொன்று. இல்லாதவை கொழுப்புச் செல்லாக மாறும். உள்ளவை டிஜிஎஃப்-பீட்டா பட்டதும் சுருங்கும் தன்மையுள்ள மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறி நார் பின்ன ஆரம்பித்துவிடும். கண் பிதுங்குவதில் தை-1 இல்லாத சாதிக்கும், தசை விறைப்பதில் அது உள்ள சாதிக்கும் பங்கு அதிகம்.

ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் எல்லாம் ஸ்டீராய்டுக்கு மசிந்துவிடும். பின்னி முடித்த நாருக்கு எந்த மருந்தும் உறைக்காது.

விழிக்கோளம்

அதேதான். தசைகளில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குக் கீழே இருக்கும் இன்ஃபீரியர் ரெக்டஸ். அது விறைத்துப்போனால் கண் மேலே ஏறாது. நிலாமதிக்கு அண்ணாந்தால் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசையாக இருக்கலாம். இப்போது அது நீர்வீக்கமாக இருந்தால் மருந்துக்கு வழிவிடும், நாராகிவிட்டால் விடாது. நாள் கடத்த வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

கரையோரம்

என் தம்பிக்கும் இதே நோய். சிகரெட்டை விடமாட்டேன் என்கிறான். தைராய்டுக்கு ரேடியோ அயோடின், அதாவது தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கண்ணுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

விழிக்கோளம்

நேரடிச் சம்பந்தம். 1993-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், புகைப்பவர்களுக்குக் கிரேவ்ஸ் கண் நோய் வரும் வாய்ப்பு விகிதம் 7.7 மடங்கு. நோய் கடுமையாவதும், ஸ்டீராய்டுக்குச் சரியாக மசியாமல் போவதும் புகைப்பவர்களிடம் அதிகம். நம் கையில் மாற்றக்கூடிய காரணங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ரேடியோ அயோடின் பற்றி: தைராய்டு செல்கள் உடையும்போது அதன் புரதங்கள் வெளியே கொட்டும், ஆன்டிபாடி ஏறும். 1998-இல் வந்த இத்தாலிய ஆய்வில் அதை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கண் நோய் புதிதாக வந்தது அல்லது கூடியது. கூடவே ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்றும் அதே ஆய்வு காட்டியது. கண்ணில் நோய் சுறுசுறுப்பாக இருக்கும்போது வேறு வழி இருந்தால் ரேடியோ அயோடினைத் தள்ளிப்போடுவோம். தம்பியின் தைராய்டு மருத்துவரும் கண் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும்.

சோதனைக்குழாய்

தம்பிக்கு என் பக்கத்திலிருந்தும் ஒன்று. சிகரெட் புகையின் சாற்றைக் கண்குழி ஃபைப்ரோபிளாஸ்ட் மேல் விட்டால் ஹயலூரோனிக் அமிலம் கூடுகிறது, கொழுப்புச் செல்லாக மாறுவதும் கூடுகிறது. ஐஎல்-1-ஐயும் சேர்த்துவிட்டால் விளைவு இன்னும் பலமாக இருக்கிறது. "நுரையீரலுக்குத்தானே கேடு" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எதிர்க்கேள்வி

நான் மறுபடியும் வருகிறேன். இவ்வளவு புரதங்களின் பேரைச் சொல்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொன்றையும் தடுக்க மருந்து கொடுத்தால் முடிந்ததே? டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு வெகுநாளாக இருக்கின்றன. இங்கே ஏன் வரவில்லை? எனக்கென்னவோ இந்தப் புரதப் பட்டியலே தேவைக்கு மேல் நீட்டப்பட்டது என்று தோன்றுகிறது.

சோதனைக்குழாய்

பட்டியல் நீளம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். தட்டில் ஒரு புரதம் ஏறினால் அதை ஒரு கட்டுரையாக்கிவிடுவது எங்கள் துறையின் வியாதி. ஏறுகிற புரதம் எல்லாம் நோயை ஓட்டும் புரதம் ஆகாது. நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் டிஎன்எஃப் ஏமாற்றிவிட்டது என்றே நான் சொல்வேன். எட்டனர்செப்ட்டை 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வு 2005-இல் வந்தது. அழற்சி குறைந்தது, கண் உள்ளே போகவில்லை. டிஎன்எஃப் சுரப்பைக் குறைக்கும் பென்டாக்ஸிஃபிலின் 2011-இல் ஐரோப்பாவில் நடந்த சோதனையில் ஒப்புக்குக் கொடுத்த மாத்திரையை விட எந்த வகையிலும் மேலாக இல்லை.

ஐஎல்-6 கதை வேறு. அதன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப்பை, ஸ்டீராய்டுக்கு மசியாத 32 பேரிடம் ஸ்பெயினில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 16 வாரத்தில் சிஏஎஸ் குறைந்தது 2 புள்ளி இறங்கியவர்கள் மருந்துக் குழுவில் 93 சதவீதம், மற்றக் குழுவில் 59 சதவீதம். அந்த 59-ஐக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இறங்கியிருக்கிறது. ரண்டில் வளைகோடு தன் வேலையைச் செய்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "எனக்கு இந்த மருந்தில் குணமாயிற்று" என்று வரும் எந்தப் பதிவையும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விழிக்கோளம்

ரிட்டுக்ஸிமாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி செல்லைத் துடைக்கும் மருந்து. 2015-இல் இரண்டு சின்ன ஆய்வுகள். அமெரிக்காவில் 25 பேரிடம், வெறும் திரவத்தோடு ஒப்பிட்டபோது பயன் இல்லை. இத்தாலியில் 32 பேரிடம், ஸ்டீராய்டு ட்ரிப்போடு ஒப்பிட்டபோது அதை விட மேல். அமெரிக்க நோயாளிகளுக்கு நோய் தொடங்கி அதிக நாள் ஆகியிருந்தது. பலரும் காட்டும் காரணம் அதுதான், எனக்கும் அதுவே படுகிறது. நல்ல மருந்தும் நேரம் தப்பினால் வீண்.

இப்போதைக்கு மிதமானது முதல் கடுமையானது வரை உள்ள சுறுசுறுப்பான நோய்க்கு, ட்ரிப்பாக வாரம் ஒருமுறை ஏற்றும் மெத்தில்ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுதான் பரவலான முதல் மருந்து. முதல் ஆறு வாரம் 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250. மொத்தம் 4.5 கிராம். கடுமை கூடியவர்களுக்கு அதிக அளவு உண்டு, ஆனால் ஒரு சுற்றில் 8 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரலுக்கு ஆபத்து. 2021-இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் இதோடு நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட்டையும் சேர்த்தது.

எதிர்க்கேள்வி

டெப்ரோடுமுமாப்? எல்லோரும் அதைத்தான் அதிசயம் என்கிறார்கள்.

சோதனைக்குழாய்

அது சைட்டோகைனைத் தடுக்கும் மருந்தே இல்லை, சுவாரசியமே அதுதான். ஐஜிஎஃப்-1 ஏற்பியை அடைக்கிறது. முதலில் புற்றுநோய்க்காகச் செய்து, அங்கே எடுபடாமல் ஓரங்கட்டப்பட்ட மருந்து. டிஎஸ்எச் ஏற்பியும் ஐஜிஎஃப்-1 ஏற்பியும் ஜோடியாக நிற்கின்றன என்று சொன்னேன் அல்லவா? ஒன்றை அடைத்தால் மற்றதன் குரலும் அடங்குகிறது. இந்த மருந்து போட்ட ஃபைப்ரோசைட்களில் டிஎஸ்எச் தூண்டினாலும் ஐஎல்-6, ஐஎல்-8 முன்போல் ஏறுவதில்லை. அதாவது சுரந்த புரதத்தின் பின்னால் ஓடாமல், சுரக்கச் சொல்லும் இடத்திலேயே கை வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 24 வாரத்தில் கண் குறைந்தது 2 மில்லிமீட்டர் உள்ளே போனவர்கள் 83 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 10 சதவீதம். மேலே சொன்ன 59-ஓடு இந்த 10-ஐ வைத்துப் பாருங்கள். சிவப்பும் வீக்கமும் தானாக இறங்கும், பிதுக்கம் தானாக இறங்குவது அபூர்வம்.

விழிக்கோளம்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எட்டு ட்ரிப். இரத்தச் சர்க்கரை ஏறலாம், தசை பிடிக்கலாம். காது மந்தமாவதும் இரைச்சலும் சிலருக்கு வருகின்றன, சிலருக்குத் திரும்பி வருவதில்லை. தொடங்கும் முன்பே காது பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கர்ப்பத்தில் கூடவே கூடாது. மருந்தை நிறுத்தியபின் கண் மறுபடி முன்னுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல மருந்துதான், அதிசயம் என்ற சொல்லை நான் சொல்ல மாட்டேன்.

இரட்டைப்பார்வை

அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. சரி, விடுங்கள்.

நிலாமதி

இடையில் ஒரு சின்னச் சந்தேகம். அழற்சியைக் குறைக்கும் உணவு, சத்து மாத்திரை என்று நிறைய பேர் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். செலினியம் எடுக்கலாமா?

விழிக்கோளம்

முன்பு சொன்ன அதே 2011 ஐரோப்பியச் சோதனையில் செலினியத்துக்குப் பயன் தெரிந்தது: 100 மைக்ரோகிராம், தினம் இரண்டு வேளை, ஆறு மாதம். ஆனால் அவர்கள் எல்லோரும் லேசான நோய் உள்ளவர்கள். மண்ணில் செலினியம் குறைவான பகுதிகளைச் சேர்ந்தவர்களும் அதில் அதிகம். உங்களுக்கு நோய் லேசானதா என்பதே இன்னும் தெரியவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்வோம். மற்ற மாத்திரைகளுக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். இரவில் தலையை உயர்த்திப் படுங்கள், கண் காயாமல் செயற்கைக் கண்ணீர் விடுங்கள்.

நிலாமதி

போய் வந்துவிட்டேன். சிஏஎஸ் 4. நிறப்பார்வை நன்றாக இருக்கிறது. ட்ராப் கூடுதல். எம்ஆர்ஐயில் இரண்டு கண்ணிலும் கீழ்த்தசை தடித்திருக்கிறது, நீர்க்கோப்பு இருக்கிறது, அதனால் மருந்துக்கு மசியும் என்று நம்புவதாகச் சொன்னார்கள். சர்க்கரையும் கல்லீரலும் சரியாக இருப்பதால் வாராந்தர மெத்தில்ப்ரெட்னிசோலோன் தொடங்கிவிட்டார்கள். முதல் ட்ரிப் அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, முகம் சூடாக இருந்தது, மற்றபடி ஒன்றும் இல்லை.

உறவினருக்கு இந்த இழையையே அனுப்பிவிட்டேன். "ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதானே போட்டிருந்தது" என்று இன்னும் முணுமுணுக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி: பாதிச் சுற்று முடிந்ததும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஐஎல்-6-ஐ மறுபடி எடுக்கலாமா?

சோதனைக்குழாய்

வேண்டாம். நார்மலாக இருந்தது நார்மலாகவே வரும். இதில் ஒரு வேடிக்கை: பின்னால் எப்போதாவது டோசிலிசுமாப் போட நேர்ந்தால் இரத்தத்தில் ஐஎல்-6 முன்பை விட ஏறும், ஏற்பி அடைபட்டதால் அது போக்கிடம் இல்லாமல் சுற்றும். சிஆர்பி தரைமட்டமாகிவிடும், தொற்று வந்தால்கூட சரியாக ஏறாது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே தப்பான சேதி சொல்லும்.

விழிக்கோளம்

ஆறாவது வாரத்தில் சிஏஎஸ் மறுபடி போடச் சொல்லுங்கள். அதுவரை அசைவே இல்லை என்றால் திட்டத்தை மாற்றுவதைப் பற்றி அங்கேயே பேசுங்கள். வீட்டில் ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள், காலையில் எடுத்தால் எப்போதும் காலையிலேயே.

பிதுக்கத்தை அளப்பது ஹெர்ட்டெல் கருவியில். இரண்டு பக்க எலும்பு விளிம்பில் வைத்து அளப்பார்கள், நடுவில் இருக்கும் இடைவெளிக்கும் ஓர் எண் உண்டு. கண்ணின் அளவோடு அந்த எண்ணையும் உங்கள் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு யாராவது வேறு இடைவெளியில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சும்மாவே வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பயந்துபோய் இங்கே வந்து எழுதுவீர்கள்.